டீச்சருக்கு ஒரு கடிதம்



செப்டம்பர் 5 வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆசிரியர் தின வாழ்த்துகள் குவிய ஆரம்பித்துவிடும். ரோஜாப்பூ, கரும்பலகை, இரண்டு வரி வசனம். நல்ல விஷயம்தான். ஆனால், நமக்குக் கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அந்த வாழ்த்து போகிறதா? அவருடைய நம்பராவது நம்மிடம் இருக்கிறதா?

இந்த முறை ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியாரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். பெயர் லூயி ஜெர்மேன். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய மாணவரைத் தெரிந்திருக்கும். ‘அந்நியன்’ நாவலை எழுதிய ஆல்பெர் காம்யு.

அல்ஜீரியா அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அல்ஜியர்ஸ் நகரத்தில் பெல்கூர் என்ற ஏழைத் தொழிலாளர்களின் பகுதியில் வளர்ந்தவர் காம்யு. 1913-ல் பிறந்தார். மறு வருஷமே அப்பா முதல் உலகப் போரில் இறந்துபோனார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது; எழுதப் படிக்கத் தெரியாது. பல வீடுகளில் துடைத்து, துவைத்து இரண்டு பையன்களையும் வளர்த்தார். வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம்.

பையன் ஆரம்பப் பள்ளியை முடித்ததும் வேலைக்குப் போகட்டும் என்பது பாட்டியின் கணக்கு. மேலே படிக்கப் போனால் அத்தனை வருஷமும் காசு வராதே! அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாசம் பிறந்தால் வாடகையும் மளிகையும் கண் முன்னால் நிற்கிற எந்த வீட்டிலும் இதே பேச்சுதான் எழும். நம் தெருவில் எழாததா?

ஜெர்மேன் அதை அப்படியே விட்டுவிடவில்லை. மேல்நிலைப் பள்ளியில் சேர உதவித்தொகைத் தேர்வு ஒன்று இருந்தது. அதற்காக இந்தப் பையனையும் இன்னும் சிலரையும் பள்ளி விட்ட பிறகு உட்கார வைத்துத் தனியாகப் பாடம் நடத்தினார். ஒரு காசு வாங்கவில்லை. பாட்டியிடம் பேசிச் சம்மதிக்கவும் வைத்தார். 1924-ல் காம்யு தேர்வில் பாஸானார்.

1957-ல் காம்யுவுக்கு இலக்கிய நோபல் பரிசு. வயது 44 நிரம்பும் நேரம். பரபரப்பு கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து, நவம்பர் 19 அன்று தன் பழைய வாத்தியாருக்குக் கடிதம் எழுதினார். செய்தி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்தபடியாக உங்களைத்தான் நினைத்தேன் என்று அதில் சொல்லியிருந்தார். நோபல் உரையைப் புத்தகமாக அச்சிட்டபோது அதையும் ஜெர்மேனுக்கே சமர்ப்பித்தார்.

பலரும் இந்தக் கடிதத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். என்னை உலுக்கியது 1959 ஏப்ரல் 30 அன்று ஜெர்மேன் காம்யுவுக்கு எழுதிய கடிதம். உலகமே கொண்டாடும் எழுத்தாளரை, வகுப்பில் உட்கார்ந்திருந்த சின்னப் பையனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறார். உங்கள் வீட்டு நிலைமை எனக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது, உதவித்தொகைத் தேர்வுக்குப் பெயர் கொடுப்பது பற்றி உன் அம்மா என்னைப் பார்க்க வந்தபோதுதான் புரிந்தது என்கிறார். அதுவரை, கூடப் படித்த மற்றப் பையன்களின் நிலைமைதான் இவனுக்கும் என்றே நினைத்திருக்கிறார். ஏனென்றால், பையனுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அண்ணனைப் போலவே இவனும் நல்ல உடுப்பில்தான் வருவான். உன் அம்மாவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்னால் சொல்ல முடியாது என்று எழுதுகிறார் அந்த வாத்தியார்.

யோசித்துப் பாருங்கள். அடுத்த வீடுகளில் துணி துவைத்துவிட்டு வந்த ஒரு தாய், தன் பிள்ளைகளின் சட்டையை எப்படித் துவைத்து, தைத்து அனுப்பியிருப்பார்! அதைக் கவனித்து, முப்பத்தைந்து வருஷம் மனதில் வைத்திருந்து, மகனிடம் சொல்ல ஒரு மனிதர் இருந்தார்.

நம் டீச்சர்களிடமும் இப்படி நம் வீட்டைப் பற்றிய ஞாபகங்கள் இருக்கும். வயசுக்கு வந்த பெண்ணை இனி அனுப்பப் போவதில்லை என்று சொன்ன வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அப்பாவிடம் மல்லுக்கட்டிய டீச்சர் எத்தனை ஊரில் இருந்தார்கள்! தறியில் உட்கார்ந்துவிட்ட பையனைத் தேடிப் போன வாத்தியார்கள் எத்தனை பேர்! ஒரே ஊரில் முப்பது வருஷம் இருந்து, அம்மாவுக்கும் மகளுக்கும் அதே வகுப்பில் பாடம் எடுத்தவர்கள் உண்டு. அன்று அந்தத் திண்ணையில் என்ன பேச்சு நடந்தது? அப்பா என்ன சொன்னார்? பின்கட்டிலிருந்து அம்மா என்ன சொல்லி அனுப்பினார்? நமக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும்.

பணி ஓய்வு விழாக்களில் சால்வை போர்த்துகிறோம். ஏணி, தோணி என்று எல்லாருக்கும் ஒரே பேச்சைப் பேசுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ‘எனக்கு எக்ஸாம் ஃபீஸ் கட்டினது நீங்கதான் மிஸ்’ என்ற ஒரு வரியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

அதனால் இந்த மாதம் ஒரு கடிதம் எழுதுங்களேன். பொதுவாகப் புகழாமல், உங்களுக்கென்று அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். அந்த நாளில் என் அப்பா அம்மா எப்படி இருந்தார்கள் என்றும் கேளுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். வாத்தியாருக்குத்தான் வயதாகிறது என்று நாம் நினைக்கிறோம். ஜெர்மேனின் அந்தக் கடிதம் வந்த எட்டு மாதத்தில், 1960 ஜனவரி 4 அன்று, கார் விபத்தில் போனவர் 46 வயது மாணவர்.

டீச்சர் காலமாகிவிட்டாரா? அவருடைய மகனுக்கோ மகளுக்கோ எழுதுங்கள். நமக்காக ஸ்பெஷல் கிளாஸ் எடுத்த சாயங்காலங்களில் அவர்களுடைய அம்மா வீட்டில் இல்லை. எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

முகவரி தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், அந்த ஊரிலேயே தங்கிவிட்ட வகுப்புத் தோழர் ஒருவரைப் பிடியுங்கள். டீச்சருக்கு இப்போது பார்வை மங்கியிருக்கலாம். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எந்த வருஷம், எந்த வகுப்பு, எந்தத் தெரு, யார் பிள்ளை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்