வாய் திறக்காத ஊர்... ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய பிரெஞ்சுக் கிராமம்!

1942 ஆகஸ்ட் மாதம். பிரான்ஸின் மலைப்பகுதியில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்துக்குள் போலீஸ் பஸ்கள் நுழைகின்றன. ஊரில் தங்கியிருக்கும் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போவதுதான் திட்டம். பெயர்ப் பட்டியல் கேட்கிறார்கள். ஊர்ப் போதகர் தர மறுக்கிறார். வீடு வீடாகத் தேடுகிறார்கள். கடைசியில், அந்த பஸ்கள் கிட்டத்தட்ட காலியாகவே திரும்புகின்றன.

அந்த ஊரின் பெயர் லு ஷம்போன்-சுர்-லின்யோன். லின்யோன் ஆற்றங்கரையில் இருக்கும் ஷம்போன் என்று அர்த்தம். இன்றும் அங்கே வசிப்பவர்கள் சுமார் 2,500 பேர்தான்.

குளிரும் கருங்கல்லும்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் பைன் மரக் காடுகள், மேய்ச்சல் நிலங்கள், தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகள். குளிர்காலத்தில் 'பியூர்ல்' என்ற வடகாற்று பனியை வாரிக் கொண்டுவந்து பாதைகளை மூடிவிடும். அதனால்தான் வீடுகளுக்கு அவ்வளவு தடிமனான கருங்கல் சுவர்கள்.

எளிதில் வந்துபோக முடியாத இடம் என்பது அன்றாட வாழ்க்கைக்குச் சிரமம்தான். ஆனால், ஒளிந்துகொள்ள வருபவர்களுக்கு அதுவே வசதி!

பழைய காயம்

இங்கே பெரும்பாலானவர்கள் புராட்டஸ்டன்ட்கள். கத்தோலிக்க நாடான பிரான்ஸில் இவர்கள் சிறுபான்மையினர். 1685-ல் மன்னர் பதினான்காம் லூயி இவர்களின் வழிபாட்டு உரிமையை ரத்து செய்தார். அதற்குப் பிறகு சுமார் நூறு ஆண்டுகள் காடுகளிலும் ஒதுக்குப்புறப் பண்ணைகளிலும் ரகசியமாகக் கூடித்தான் பிரார்த்தனை செய்தார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, துரத்தப்பட்டு வருபவரின் நிலைமையைத் தனியாக விளக்கத் தேவையிருக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1893-ல் லூயி கோம்ட் என்ற போதகர், சேன்-எத்தியென் நகரத் தொழிலாளர்களின் பிள்ளைகளை இந்த மலைப்பகுதிக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். நல்ல காற்று, பால், வயிறார சாப்பாடு கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். அப்போதிலிருந்து வெளியூர்ப் பிள்ளைகள் பண்ணை வீடுகளில் தங்குவது சாதாரணமாகிவிட்டது. தங்கும் விடுதிகளும் பெருகின. போர்க்காலத்தில் புதிதாக ஒரு குழந்தை வந்து நின்றால், அது யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை.

தேன்கூட்டில் போலி அட்டைகள்

1940 ஜூன் 22-ல் ஹிட்லரின் ஜெர்மனியோடு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது பிரான்ஸ். மறுநாளே, மனசாட்சிக்கு விரோதமான உத்தரவுகளை வெறுப்பில்லாமல் எதிர்க்கச் சொல்லி மக்களிடம் பேசினார்கள் போதகர்கள் ஆந்த்ரே ட்ரோக்மேயும் எதுவார் தெய்ஸும். அடுத்தடுத்த மாதங்களில் அகதிகள் வரத் தொடங்கினார்கள். ட்ரோக்மேயின் மனைவி மக்டா அவர்களுக்கு இடம் தேடிக் கொடுத்தார்.

பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போனார்கள். ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர் போலி அடையாள அட்டைகளைத் தயாரித்தார். அதற்கான பொருள்களை ஒளித்து வைத்த இடம், பண்ணையிலிருந்த தேனீப் பெட்டிகள்! போலீஸ் வரப்போகிறது என்றால் போதகர் வீட்டுக்குப் பெயர் சொல்லாத போன் அழைப்பு வரும். உடனே பிள்ளைகள் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். இத்தனைக்கும் 1943-ல் காயமடைந்த ஜெர்மன் வீரர்கள் அதே ஊரின் ஓட்டலில் தங்கி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கொடுத்த விலை

எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. 1943 பிப்ரவரியில் இரு போதகர்களும் கைதாகிச் சில வாரங்கள் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் ஒரு மாணவர் விடுதியை ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்தனர். மாணவர்களோடு விடுதிப் பொறுப்பாளர் தனியேல் ட்ரோக்மேயையும் பிடித்துச் சென்றார்கள். போதகரின் உறவினரான அவர், 1944-ல் மய்தானெக் வதை முகாமில் இறந்தார். ஊர் டாக்டர் ரோஜே லு ஃபோரெஸ்தியே 1944 ஆகஸ்டில் கொல்லப்பட்டார்.

சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்துக் காப்பாற்றப்பட்டவர்கள் 5,000 பேர் வரை இருக்கலாம் என்று சொல்லப்படுவதுண்டு. அதைவிடக் குறைவாக மதிப்பிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பட்டியல் எழுதி வைப்பதே ஆபத்தான காலத்தில் துல்லியமான கணக்கு எங்கிருந்து கிடைக்கும்?

இப்போது எப்படி இருக்கிறது?

1990-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அமைப்பு, தனிமனிதர்களுக்கு வழங்கும் கௌரவத்தை இந்த ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்தே வழங்கியது. 2013-ல் தேவாலயத்துக்கு எதிரே நினைவகம் திறக்கப்பட்டது. கோடையில் பழைய குறுகிய ரயில் பாதையில் சுற்றுலா ரயில் ஓடுகிறது. அதே சமயம், ட்ரோக்மேயும் தெய்ஸும் 1938-ல் தொடங்கிய புகழ்பெற்ற பள்ளி, 2014-ல் மூடப்பட்டுவிட்டது.

அந்த வருத்தத்துக்கு நடுவே 2021 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. 1943-ல் குடும்பத்தோடு இங்கே தஞ்சம் புகுந்த வியன்னா சிறுவர் ஒருவர், தன் 90-வது வயதில் காலமாகியிருந்தார். உயிலில் அவர் இந்த ஊருக்கு எழுதி வைத்திருந்த தொகை சுமார் 20 லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் 17 கோடி ரூபாய்க்கும் மேல்! கல்விக்கும் இளைஞர்களுக்கும் அதைச் செலவிட வேண்டும் என்பது அவரது விருப்பம்.