கரையை அடைப்பது மட்டும் போதாது

இங்கிலாந்தில் சேஷயர் பகுதியில் மிடில்விச் என்ற ஊருக்கு அருகே, 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு கால்வாய் உடைப்பெடுத்தது. வீலாக் ஆற்றைக் கால்வாய் கடக்கும் இடத்தில் மேட்டுக்கரை சரிந்து, தண்ணீர் ஆற்றில் பாய்ந்தோடியது. இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் நகர வழியின்றி அகப்பட்டுக்கொண்டன. போக்குவரத்து மீண்டும் தொடங்க அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. செலவு ஏறத்தாழ 30 லட்சம் பவுன்.

இவ்வளவு பெரிய நாசத்துக்குக் காரணம் என்ன? புயலன்று, பூகம்பமன்று. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படகை ஏற்றி இறக்கக் கால்வாயில் 'லாக்' என்ற கதவுத் தொட்டிகள் உண்டு. அக்கதவுகளில் தண்ணீர் விடுவதற்குச் சிறு மதகுகள் இருக்கும். அவற்றை யாரோ திறந்தபடி விட்டுப் போனதே காரணமாக இருக்கலாம் என்று, கால்வாயை நிர்வகிக்கும் 'கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறநிலையம் தெரிவித்தது. மேலிருந்து ஓயாமல் இறங்கிய நீர் கீழ்ப்பகுதியில் நிரம்பிக் கரைக்கு மேல் வழிந்தது. மண் கரையின் வெளிப்புறத்தை வழியும் நீர் அரிக்கத் தொடங்கிவிட்டால், பிறகு அதைத் தடுத்து நிறுத்துவது அரிது.

உடைந்த கரையைக் கட்டுவது எளிய வேலை அன்று. முதலில் இருபுறமும் தடுப்புப் போட்டு மீதி நீரைக் காக்க வேண்டும். அகப்பட்ட படகுகளை மிதக்க வைத்து வெளியேற்ற வேண்டும். வயல்வெளியில் இயந்திரங்கள் வரப் பாதை போட வேண்டும். மண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்கி, நீர் கசியாதபடி தளம் அமைத்து, பின்னர் மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதைப் படகுக்காரர்களும் அறிவார்கள். அவசரப்பட்டுக் கட்டிய கரை மறுபடியும் உடையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த மாதங்களில் அவர்கள் எப்படி வாழ்வது? அங்கே பலருக்குப் படகுதான் வீடு. குடிநீர், அடுப்புக்கு நிலக்கரி, கழிவு கொட்டுமிடம் ஆகிய எல்லாவற்றுக்கும் படகை ஓட்டிப் போக வேண்டும். நிரந்தரக் கட்டுத்துறை இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். தக்க காரணம் இருந்தால் கூடுதலாகத் தங்க இடமுண்டு. ஆனால் அதை அதிகாரி வாய் திறந்து சொன்னால்தானே மனம் நிம்மதி அடையும்! மிடில்விச் கிளைக் கால்வாயின் நீளம் 10 மைல். அது 110 மைல் நீளமுள்ள கால்வாய் வட்டம் ஒன்றின் பகுதி. ஆகவே அது அடைபட்டால் மறுபுறம் சேர ஏறக்குறைய 100 மைல் சுற்ற வேண்டும். மணிக்கு 3 மைல் போகும் படகுக்கு இது விளையாட்டல்ல. காத்திருப்பதா, சுற்றிப் போவதா என்று முடிவு செய்ய அவர்களுக்குச் சரியான சேதி வேண்டும்.

குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாய்களை மூடும்போது முன்னறிவிப்புக் கொடுப்பது அங்கே வழக்கம். உடைப்போ சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்போதுதான் அறிவிப்பின் தேவை அதிகம். எங்கே உடைந்தது, எந்த வழி திறந்திருக்கிறது, 14 நாள் விதி என்னவாகும், தண்ணீர் எங்கே கிடைக்கும், எப்போது திறக்கும் என்று தெளிவாக எழுத வேண்டும். நாள் குறித்துச் சொல்லிப் பின்னர் தவறினால் ஜனங்கள் குறை கூறுவார்களே என்று அஞ்சி வாய் மூடியிருப்பது நிர்வாகங்களின் பழைய பழக்கம். இது தவறு. "இன்னும் தெரியவில்லை, வரும் வெள்ளிக்கிழமை சொல்கிறோம்" என்பதும் சேதிதான். வெள்ளிக்கிழமை வந்ததும் சொல்ல வேண்டும், அவ்வளவே. சொல்லாவிட்டால் அந்த இடத்தில் வதந்தி குடியேறும்.

இதில் நிர்வாகத்துக்கும் லாபம் உண்டு. அந்த அறநிலையத்தின் பொறுப்பில் சுமார் 2,000 மைல் நீர்வழி இருக்கிறது. அவ்வளவு தூரத்தையும் எத்தனை சிப்பந்திகள் தினமும் நடந்து பார்க்க முடியும்? கரையில் ஈரம் கசிவதை முதலில் காண்பவன் அவ்வழியே போகும் படகுக்காரன்தான். தன்னை மதித்துச் சேதி சொல்லும் நிர்வாகத்துக்கு அவனும் ஓடி வந்து சேதி சொல்வான். திறந்த மதகை மூடிவிட்டுப் போவது அவன் கடமை; அதை அவன் மறக்கலாகாது. ஒருவர் மறந்ததற்காக எல்லாப் படகுக்காரர்களையும் குற்றவாளிகளாக நடத்துவதும் நியாயமன்று.

மழையில் தோட்டத்துப் பாலம் அடித்துப் போனால், எந்த வழியாகப் போவது என்று பெரட்டிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆபீஸ் பலகையில் அறிவிப்பு ஒட்டும் கிராணிக்கும் அதைப் படிக்கும் தொழிலாளிக்கும் அதன் அருமை தெரியும். படகில் குடியிருப்பவர் கேட்பதும் அதே உரிமைதான். கரை வேலைக்கு ஆள் வைப்பதுபோல், சேதி சொல்வதற்கும் பொறுப்பான ஓர் ஆளை முதல் நாளிலேயே வைக்க வேண்டும்.