பாட்டியைக் கேட்டீர்களா?

மொரப்பூர்ப் பக்கத்துச் சிற்றூரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டிக்கு மார்பில் சிறு கட்டி. சோதனையில் புற்றுநோய் எனத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு?" என்பது ஒன்று. "இந்த வயதில் மார்பகம் எதற்கு? முழுவதையும் எடுத்துவிடுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் வயதை மட்டுமே பார்க்கின்றன. நோயையும் பார்க்கவில்லை, பாட்டியையும் பார்க்கவில்லை.

அறிவியல் என்ன சொல்கிறது? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அதன் அடித்தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் வெட்டியெடுக்கும் முறையைப் பரப்பினார். அதிகம் வெட்டினால்தான் உயிர் தப்பும் என்று பல்லாண்டுகள் நம்பினார்கள். 1976-இல் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் இந்த நம்பிக்கையைச் சோதிக்கும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஆரம்பநிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களும், முழு மார்பகத்தையும் அகற்றிக்கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உயிர் வாழ்ந்தனர். இது 20 ஆண்டுகள் கண்காணித்து 2002-இல் வெளியான முடிவு.

அப்படியானால் கட்டியை மட்டும் எடுப்பதே எல்லோருக்கும் சரியா? அவசரப்படாதீர்கள்! கதிர்வீச்சைப் பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் பெறவேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்குப் போவதென்றால், மொரப்பூரில் ரயிலேறிச் சென்னையில் தங்கவேண்டும். துணைக்கு யார் வருவது? ஆகவே சிலர் முழு நீக்கத்தையே விரும்பலாம்.

மூன்றாவது வழியும் உண்டு. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 636 பெண்களிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அனைவருக்கும் ஹார்மோனுக்கு இணங்கும் சிறு கட்டி. அதை அகற்றியபின் எல்லோரும் தமாக்சிஃபென் மாத்திரை உட்கொண்டனர். பாதிப்பேருக்குக் கதிர்வீச்சும் தரப்பட்டது. 10 ஆண்டுகளில் நோய் அதே பக்கத்தில் திரும்பியது, கதிர்வீச்சு பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 2 பேருக்கு. பெறாதவர்களில் சுமார் 10 பேருக்கு. ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை.

திரும்பிவரும் அபாயம் பெரிதா, அலைச்சல் பெரிதா? இதற்கு எந்த அட்டவணையிலும் விடை இல்லை. இதயம், நுரையீரல் நிலையைப் பார்த்து, எந்தெந்த வழி தகும் என்று மருத்துவர் சொல்வார். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாட்டிக்கே உரியது என்பது என் கருத்து. பல வீடுகளில் மருத்துவ அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான். அதைத் திண்ணையில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுமுன், உள்ளே போய்ப் பாட்டிக்குப் படித்துச் சொல்லுங்கள்.