நாய் வளர்ப்போர் கடன்

நாயை நன்றியுள்ள பிராணி என்று போற்றாத தமிழர் இலர். வைரவக் கடவுளின் ஊர்தியாக அதனை மதிக்கின்றோம். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விடுத்துத் துறக்கம் புக மறுத்த தருமபுத்திரன் கதையைப் பாரதத்திற் படித்து உள்ளம் நெகிழ்கின்றோம். எனினும், நம் வாயிலிற் கிடக்கும் நாய்க்கும், அவ்வாயிலைக் கடந்து செல்லும் அயலார்க்கும் நாம் ஆற்ற வேண்டிய கடன் யாது என வினவின், விடை கூறுவார் சிலரே.

வட்டகொடையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் அறிந்தார்க்கு இங்குள்ள நிலை புதிதன்று. லயத்து முற்றம் பலருக்கும் பொது. அங்குத் திரியும் நாயும் பலருக்கும் பொது. சோறிடுங்கால் அஃது எல்லோருக்கும் உரியது. யாரையேனும் கடித்தபின் ஒருவருக்கும் உரியதன்று. காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களும் பாடசாலைக்கு நடந்து செல்லும் சிறுவரும் இதன் பயனை நுகர்கின்றனர்.

இஃது அச்சம் மாத்திரமன்று, உயிர்க்கேடுமாகும். விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தவர் மிக அரியர். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது மதிப்பீடு. அவருட் பத்தில் நால்வர் 15 வயதிற்குட்பட்ட சிறுவர். நம் நாட்டில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியமையாலும், கடியுண்டார்க்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச மருத்துவம் கிடைத்தமையாலும் இத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஐம்பதிற்குங் கீழே இறங்கியுள்ளது. 1885ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து கண்ட பின்னும் ஒரு குழந்தை இந்நோயால் இறக்குமாயின், அது விதியின் செயலன்று, மனிதரின் கவலையீனமேயாம்.

சட்டம் இல்லாமையன்று நம் குறை. விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யுங் கட்டளைச் சட்டம் 1901இலும் இயற்றப்பட்டன. எனினும், வேலியும் வாயிற்கதவும் உடைய பங்களாவுக்கு எளிதாகும் கட்டுப்பாடு, பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் லயத்திற்கு எளிதாவதில்லை. மேலும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குட் பணிபுரிய நெடுங்காலம் தடையாய் நின்றது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டமையால், தோட்டம் எம் எல்லையன்று எனச் சபையார் இனிக் கைவிரித்தல் பொருந்தாது. தோட்ட நிருவாகத்தாரும் ஒதுங்கி நிற்றல் தகாது.

தெருநாய்களைக் கொன்றொழித்தலே வழி என்பாருளர். 2006ஆம் ஆண்டில் அரசு அவ்வழியைக் கைவிட்டுக் கருத்தடையையும் தடுப்பூசியையும் மேற்கொண்டது நன்றே. கொன்ற இடத்தைப் புதிய குட்டிகள் விரைவில் நிரப்பிவிடும். நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றினாலோ நோய் பரவுதல் நின்றுவிடும். வாயில்லாப் பிராணியைக் கட்டிவைத்தல் பாவம் என்று வேறு சிலர் இரங்குவர். பகல் முழுதும் குறுஞ்சங்கிலியிற் பிணித்துப் பசியோடு விடுதல் பாவமே; அஃது அதன் சினத்தையும் வளர்க்கும். யாம் வேண்டுவது அதுவன்று. வீதியிற் செல்லும்போது வாரிற் பிடித்துச் செல்லுதலும், இரவில் உள்ளே அடைத்து வைத்தலுமே வேண்டும். நாயைத் தேடிச் சிறுத்தை லயத்தருகே வரும் மலைநாட்டில், இரவில் வெளியே விடப்பட்ட நாய் தானும் இரையாகி, அயலார்க்கும் இடர் விளைக்கும்.

ஆகவே, நாய் வளர்ப்போர் கடன் இதுவென யாம் துணிகின்றோம். ஒவ்வொரு நாய்க்கும் உரியவர் ஒருவர் பெயர் குறிக்கப்படல் வேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவித்தல் வேண்டும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலிட்டுத் தேயிலை மலையில் எறிந்து செல்லுங் கொடுமையை ஒழித்து, கருத்தடை செய்வித்தல் வேண்டும். தம் நாய் ஒருவரைக் கடிப்பின், புண்ணை உடனே சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு 15 நிமிடங் கழுவி, அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதலும், அதனால் அவர் இழந்த நாட்கூலியை ஈடுசெய்தலும் உரியவர் பொறுப்பேயாம். நாட்கூலி கொண்டு வாழ்வோர் நிறைந்த இவ்விடத்தில் இவ்விறுதிக் கடன் சிறிதன்று.

கன்று இறந்தபோது மனுநீதிச் சோழன் தேரையோ குதிரையையோ குற்றஞ் சாட்டினானல்லன், ஊர்ந்தவனையே பொறுப்பாக்கினான். அந்நீதியே ஈண்டும் வேண்டற்பாலது.

எமது கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியரும், ஆசிரியரும், தோட்ட உத்தியோகத்தரும், சபை உறுப்பினரும் உளர். தத்தம் தோட்டத்தில் ஆண்டுக்கொரு நாள் தடுப்பூசிக்கும் பதிவுக்கும் ஏற்பாடு செய்தல் அவர்களுக்கு இயலாததன்று. இந்நாள் மாணவர் வீடுதோறுஞ் சென்று நாய்களை எண்ணிப் பெயர் எழுதித் தருவராயின், பாதிப் பணி முடிந்ததேயாகும். இந்நன்முயற்சியை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குமாறு யாவரையும் வேண்டுகின்றோம்.