பழைய பிக்கப்புக்குப் புது எஞ்சின்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

பழைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டும் ஆசை நம் பிள்ளைகளிடம் பெருகி வருகிறது. ஓசூர் சாலையை ஒட்டிய எங்கள் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் குறைவில்லை. வாரம் முழுவதும் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டறையில் பழைய ஜீப்பையோ பிக்கப்பையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவது என்று வாழும் இளைஞர்கள் பலரை எனக்குத் தெரியும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. "காசைக் கரியாக்குகிறான்" என்று பெற்றோர் சலித்துக்கொள்வதும் காதில் விழுகிறது. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டியே காலம் தள்ளியவன் என்ற முறையில், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

இந்த மோகம் பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே 1947-இல் வந்த செவ்ரோலே பிக்கப் இன்றும் பலருக்குக் கனவு வண்டி. அதன் மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் 90 குதிரைத்திறன் தந்தது. இன்று அதே கூட்டுக்குள் 430 குதிரைத்திறன் தரும் வி-8 எஞ்சினைத் தூக்கி வைக்கிறார்கள். வண்டிக் கம்பெனிகளே இதில் இறங்கிவிட்டன. 2019-இல் செவ்ரோலே நிறுவனம் தன் 1962-ஆம் ஆண்டு சி-10 பிக்கப்பில் இரண்டு மின்மோட்டார்களைப் பொருத்திக் காட்டியது. 2021-இல் ஃபோர்டு தன் 1978-ஆம் ஆண்டு எஃப்-100 பிக்கப்பை 480 குதிரைத்திறன் கொண்ட மின்வண்டியாக்கி லாஸ் வேகாஸ் கண்காட்சியில் நிறுத்தியது. முகம் தாத்தாவுடையது, நெஞ்சுரம் பேரனுடையது!

இதை வெறும் பணக்கார விளையாட்டு என்று நான் ஒதுக்க மாட்டேன். நல்ல இரும்பை எடைக்குப் போடாமல் மறுபடி உழைக்க வைப்பது பொறியாளனுக்கு அழகு. நம் ரயில்வேயும் அதைத்தான் செய்தது. வாரணாசி தொழிற்சாலையில் இரண்டு பழைய டீசல் எஞ்சின்களை 69 நாட்களில் 10,000 குதிரைத்திறன் கொண்ட ஜோடி மின்சார எஞ்சினாக மாற்றினார்கள். 2019 பிப்ரவரியில் பிரதமர் கொடியசைத்து அனுப்பினார். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களில் நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்க வழி செய்தார்கள். உலையில் எரிவது மாறியதே தவிர, 12-க்கு 1 என்ற சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டில் யாரும் அலட்சியம் காட்டவில்லை. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நின்று இறக்கும் அந்தப் பழக்கத்தில்தான் நான் சொல்ல வந்த பாடம் இருக்கிறது.

பழைய பிக்கப்பின் கூடு எப்படிப்பட்டது என்று பாருங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பிரேக் எண்ணெய்க் குழாய் வழி. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. மோதினால் மடங்காமல் ஓட்டுநர் மார்புக்கு நேரே நிற்கும் ஸ்டியரிங் தண்டு. அக்காலத்து அமெரிக்க பிக்கப்புகள் பலவற்றில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருந்தது. 90 குதிரைத்திறனில் மூட்டை ஏற்றிப் போன வண்டிக்கு இது அன்று போதும் என்று நினைத்தார்கள். அதே கூட்டுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பலம் கொடுத்தால்?

கணக்கு எளியது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியில் தேங்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் 15 மீட்டரில் நிற்கும் வண்டி, அதே பிரேக்கோடு 100-இல் போனால் நிற்க 60 மீட்டர் வேண்டும். பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரத்தில் ஓடும் தூரம் தனி. அந்த ஆற்றல் முழுவதும் டிரம்மில் சூடாக இறங்க வேண்டும். டிரம் சூடேறினால் பிடிப்பு தளரும். இரண்டாம் முறை மிதிக்கும்போது கால் பள்ளத்தில் இறங்குவதுபோல் இருக்கும். பிக்கப்புக்கே உரிய இன்னொரு குணமும் உண்டு. அதன் பின் கமான் பட்டைகள் பாரத்துக்காகக் கட்டியவை. வெறும் தொட்டியோடு விரைந்து போய் பிரேக் அடித்தால், பாரமில்லாத பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி வாலைச் சுழற்றும்.

எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில் இப்படி ஒரு பிக்கப்பைச் சென்ற ஆண்டு பார்த்தேன். டிங்கரிங் வேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. புது டர்போ டீசல் எஞ்சின், அகலமான அலாய் சக்கரங்கள், தேன் நிறப் பெயிண்ட். குனிந்து பார்த்தால் பிரேக் மட்டும் பழையதே. "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். "கையில் காசு தீர்ந்துபோச்சு சார், அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். கெட்ட பையன் அல்ல, கை சுத்தமான வேலைக்காரன். ஆனால் செலவின் வரிசை தலைகீழாக இருந்தது. நிற்க முடியாத வண்டிக்கு ஓடும் பலம் எதற்கு?

ரயில்வேயில் அந்த வரிசை மாறவே மாறாது. ஒரு வண்டியின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால், லக்னோவில் உள்ள ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. அதை ஓட்டி, ஆட்டத்தை அளந்து, அவசர பிரேக்கில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்கும். பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. செய்தவனே தன் வேலைக்குச் சான்று கொடுக்கக் கூடாது என்பதே அதன் தத்துவம்.

சாலை வண்டிக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி பெற்று அதே ரக எஞ்சினை மாற்றலாம், அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தி எரிபொருளை மாற்றலாம், மாற்றுத்திறனாளிகளுக்காகத் திருத்தலாம். மற்றவற்றுக்கு, 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு திருத்தத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபக்கம், 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகிறது. ஆனால் வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும். ஆக, மாற்றினால் குற்றம், மாற்றாவிட்டால் காட்சிப் பொருள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி!

தடை போட்டதால் வேலை நின்றதா? இல்லை, கதவடைத்துக்கொண்டு நடக்கிறது. பிரேக் போட்டாரா, சேசிஸில் வெல்டிங் சரியா என்று பார்க்க ஆளில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறு, வழக்கு என்று குடும்பமே அலைய வேண்டும். எதிரே வந்தவன் குடும்பத்தின் கதியோ சொல்லி மாளாது.

"கதவைத் திறந்துவிட்டால் காது கிழியும் சைலன்சரும் கண் கூசும் விளக்கும் பெருகுமே" என்று சிலர் கேட்பது நியாயம். அவற்றுக்குத் தண்டனை இருக்கட்டும். ஜெர்மனியில் வண்டியைத் திருத்தியவர் அங்கீகாரம் பெற்ற நிபுணரிடம் காட்டி, தேறிய பிறகே பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறார். ஆஸ்திரேலியாவில் பெரிய மாற்றங்களுக்குப் பொறியாளர் சான்று கேட்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். கட்டணம் வாங்குங்கள், எடை போடுங்கள், ஓட்டிப் பார்த்து பிரேக் தூரத்தை அளந்து பாருங்கள், தேறினால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள், தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். இதைச் செய்ய ஆராய்ச்சிக்கூடங்களும் பொறியாளர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

சட்டம் மாறும்வரை, மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டாதீர்கள் என்பதே இளைஞர்களுக்கு என் சொல். வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், கையிலுள்ள பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும், அடுத்தது சேசிஸுக்கும் கமானுக்கும், மிஞ்சியது எஞ்சினுக்கு, கடைசிக் காசு பெயிண்ட்டுக்கு என்று வையுங்கள். பெற்றோரே, பிள்ளையை வையாதீர்கள். கையில் கிரீஸ் படிந்தவன் சோம்பேறி அல்ல. அடுத்த ஞாயிறு அவனுடைய பட்டறைக்கு ஒரு நடை போய், "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதற்குப் பதிலாக, "இது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம்.