பல்லைப் புடுங்க ஏன் இந்த அவசரம்?

சொத்தைப்பல் வலி வந்தால் எம்.கே.பி. நகர்வாசி செய்யும் முதல் காரியம் என்ன? கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பது. அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. கடைசியில், தூக்கமில்லாத ஒரு ராத்திரி கழிந்ததும், "புடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்!" என்று போய் உட்காருவது. அடைத்திருந்தால் பிழைத்திருக்கும் பல் இப்படித்தான் குப்பைக்கூடைக்குப் போகிறது.

"அடைச்சா கருப்பா தெரியுமே சார்" என்பது பலரும் சொல்லும் சாக்கு. கடையில் நாள் முழுக்க வாடிக்கைக்காரரிடம் சிரித்துப் பேச வேண்டியவருக்கும், கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டுக்கும் அது வெறும் சாக்கு அல்ல, நிஜமான கவலை. ஆனால் பல் நிறத்திலேயே அடைக்கும் பொருள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது!

அழகு ஒருபுறம் இருக்கட்டும். பழைய வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். அது பல்லில் தானாக ஒட்டாது. பிடித்து நிற்பதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டும். காம்போசிட் என்னும் பல் நிறப் பிசின் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். நீல விளக்கைச் சில விநாடிகள் காட்டினால் கெட்டியாகிவிடும். மரப்பு போனதும் சாப்பிடலாம். வெள்ளி அடைப்பு முழு பலம் பெற ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

பாதரசம் லேசான சங்கதி அல்ல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டதே அதனால்தான். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக்கழிவுப் பாதரசம் கடலில் கலந்து, மீன் தின்ற ஜனங்களை முடக்கிப் போட்டது. அந்த ஊர்ப் பெயரிலேயே உண்டான உலக ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பாதரச அடைப்பைப் பொதுவாக நிறுத்திவிட்டது. 2034-க்குள் எங்குமே நிறுத்துவது என்று 2025 நவம்பரில் ஒப்பந்த நாடுகள் முடிவு செய்தன.

இதைக் கேட்டுவிட்டு, வாயில் இருக்கிற பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லி யாரும் ஓட வேண்டாம். நன்றாக இருக்கும் அடைப்பைத் தோண்டினால்தான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். புதிய அடைப்பிலும் குறை உண்டு. கூலி கூட, எச்சில் படாமல் பொறுமையாகச் செய்ய வேண்டும், கடைவாய்ப் பல்லில் பெரிய ஓட்டை என்றால் வெள்ளி அளவுக்கு உழைக்காமலும் போகலாம். வெற்றிலை பாக்கு போடுகிறவருக்குக் கறை ஏறும். குழந்தைகளின் பால் பல்லுக்குக் 'கிளாஸ் அயனோமர்' என்று இன்னொரு வெள்ளைச் சிமெண்ட் இருக்கிறது. பல்லுக்குக் காவலான ஃப்ளூரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் அழுத்திக் கடிக்கும் இடத்தில் அதற்குத் தெம்பு குறைவு.

சொத்தை நரம்பை எட்டிவிட்டால் வெறும் அடைப்பு எதுவும் உதவாது. வேர் சிகிச்சைதான். செலவும் பல மடங்கு!

காசு இல்லை என்பவருக்கு 1953 முதல் அரசு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே. வியாசர்பாடி ஜீவாவில் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கி, பார்க் நிலையத்தில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் "புடுங்குங்க" என்பதற்கு முன், "அடைக்க முடியுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாமே!