இரண்டு கதவு, ஒரு கேள்வி

புலமைப்பரிசில் நெருங்கும் நேரத்தில் ஞாயிறு மாலை பிள்ளைகளோடு பூதக்கதை விளையாட்டு எதற்கு என்று சில பெற்றோர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' வகை விளையாட்டுத்தான் இது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளாகி நடப்பார்கள். அதில் தாயக்கட்டை உருட்டுவார்கள். நமக்கு அது சரிவராது. எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிர் வைத்தோம். குகையை நாலந்தா காட்டுப் பக்கம் வைத்துக்கொண்டோம்.

போன கிழமை குகைக்குள் இரண்டு கதவு. ஒன்று வெளியே போகும், மற்றது பூதத்திடம். இரண்டு காவலாளிகள்: ஒருவர் உண்மையே பேசுவார், மற்றவர் பொய்யே. யார் எவரென்று தெரியாது. ஒரே கேள்விதான் கேட்கலாம். இருபது நிமிடம் ஒரே சத்தம். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளைதான் சொன்னது: "வெளியே போகும் கதவு எதுவென்று மற்றவரிடம் கேட்டால் எதைக் காட்டுவார் என்று கேட்போம். அதை விட்டு மற்றதில் போவோம்." ஏன் என்று மற்றப் பிள்ளைகள் விடவில்லை. உண்மைக்காரர் பொய்யரின் பொய்யைச் சொல்வார், பொய்யர் உண்மைக்காரரின் பதிலைப் புரட்டுவார், எப்படியும் பிழையான கதவுதான் வரும் என்று அதுவே விளக்கியது.

முதலாம் வினாத்தாளில் 40 கேள்விக்கு ஒரு மணித்தியாலம். அங்கே 'ஏன்' என்று கேட்க நேரமில்லை. கடந்தகால வினாத்தாளை மனனம் செய்த பிள்ளை, கேள்வி கொஞ்சம் மாறினால் நின்றுவிடுகிறது. அந்த 'ஏன்' எங்கேயாவது பழக வேண்டும்.

எங்களிலும் பிழை இருந்தது. ஆரம்பத்தில் விடை வராவிட்டால் கதையே நின்றுபோகும். அழுத பிள்ளைகளும் உண்டு. இப்போது பிழைத்தால் சுற்றுவழி இருக்கிறது, தூரம்தான் கூட.

அடுத்த ஞாயிறு குகைக்குள் ஆறு. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாகத் தோணியில் கடத்த வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்த வாப்பும்மா, உம்மும்மாமார் அஸருக்குப் பிறகு வந்து உட்காருங்கள். விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.